தராசு அசைய மறுத்தால்: வாசகர் கேள்வி பதில்

சோறு, பாண், புட்டு, இடியப்பம் எல்லாம் குறைத்து நிறையை இறக்கிக்கொண்டு வந்த பலர், நடுவழியில் தராசு நின்றுவிட்டதென்று எழுதியிருக்கிறார்கள். இம்முறை முழுப் பகுதியும் அவர்களுக்கே. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

மூன்று மாதமாகச் சோறும் பாணும் இல்லை. 90 கிலோவில் தொடங்கினேன். முதல் பத்து நாளில் 3 கிலோ இறங்கியது. அடுத்த எட்டு வாரத்தில் இன்னும் இரண்டரைக் கிலோ. இப்போது மூன்று வாரமாக 84.5இல் நிற்கிறது. ஒரு நாள் 85.5 என்றுகூடக் காட்டியது. இனி மரக்கறியையும் குறைக்க வேண்டுமா? (46 வயது ஆண், உவர்மலை)

மரக்கறியில் கை வைக்காதீர்கள். உங்கள் நிறை நின்றுவிட்டது என்று இப்போதைக்குச் சொல்லவே முடியாது.

முதல் பத்து நாளில் போன 3 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. வளர்ந்த ஒருவரில் அது 400 - 500 கிராம் வரை இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வழமையைவிடக் கூடுதலாக வெளியே விடுகிறது. இந்த வேகம் ஒரு முறைக்குத்தான். அதை வைத்துப் பின்னால் வரும் வாரங்களை அளந்தால் மனம் விட்டுப்போகும்.

உங்கள் உண்மையான வேகம் அடுத்த எட்டு வாரத்தில்தான் தெரிகிறது: வாரத்துக்கு 300 கிராம் அளவு. நல்ல வேகம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் மூன்று வாரத்தில் குறைய வேண்டியதே 900 கிராம். உடம்புத் தண்ணீர் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு, கடைக் கொத்து, ஊறுகாய், இரண்டு நாள் மலச்சிக்கல், நித்திரை முழித்த இரவு என்று எதுவும் அந்த 900 கிராமை மூடி மறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் ஒரு நேரம் சோறு சாப்பிட்டுத் திங்கட்கிழமை தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். காலியாய் இருந்த கிளைகோஜன் திரும்பவும் தண்ணீரோடு நிரம்பியதுதான் அது. ஒரு கிலோ கொழுப்புச் சேர, செலவாவதற்கு மேல் 7,700 கலோரி அளவு சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது.

ஆகவே முதலில் அளக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். தராசு சீமெந்து அல்லது மாபிள் தரையில், ஒரே இடத்தில் இருக்கட்டும். பாயின் மேலோ கம்பளத்தின் மேலோ வைத்தால் பிழை காட்டும். முள் தராசென்றால் ஏறுமுன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் எழும்பி, கழிப்பறை போய்வந்து, தேத்தண்ணி குடிக்குமுன் ஏறுங்கள். தினமும் குறித்து, வாரக் கடைசியில் ஏழு நாள் கணக்கையும் கூட்டி ஏழால் பிரியுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தனி ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை.

கூடவே இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் சுற்ற வேண்டும். சாரம் கட்டும் இடத்தில் அளப்பவர்கள் பலர். அது வயிற்றுக்குக் கீழே போய்விடுகிறது. நம் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை. வாரச் சராசரியும் இடுப்பும் இரண்டும் நான்கு வாரம் அசையாமல் இருந்தால்தான் அதைத் தேக்கம் என்போம். பெண்கள் மாதவிடாய்க்கு முந்திய வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நாட்களில் ஒன்று, இரண்டு கிலோ தண்ணீர் ஏறுவது வழமை.

சோறு, பாண், சீனி எதுவும் தொடுவதில்லை. காலையில் இரண்டு முட்டைப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் மீன் குழம்பு, பொரித்த மீன், கீரைச் சுண்டல். இரவில் கணவாய்க் கறி. இடையில் பசித்தால் கஜு ஒரு பிடி. மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டாது. 7 கிலோ குறைந்தபின் இரண்டு மாதமாக 73இலேயே நிற்கிறது, இடுப்பும் அப்படியே. மாவுச்சத்து இல்லாவிட்டால் கொழுப்பு எவ்வளவும் சாப்பிடலாம் என்றுதானே வீடியோக்களில் சொல்கிறார்கள்? (38 வயதுப் பெண், நிலாவெளி)

இது உண்மையான தேக்கம். காரணம் உங்கள் திருவலையில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரிக்குச் சற்று மேல். கொழுப்பு மட்டும் 33 கிராம். கட்டிப்பால் 100 மில்லியில் 230 கலோரி. எண்ணெய் எந்த வகையானாலும் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தேங்காயெண்ணெய்க்குச் சலுகை இல்லை. இனி உங்கள் ஒரு நாள்: சம்பலுக்கு 60 கிராம் பூ என்றால் 210. முட்டை பொரித்த எண்ணெய் 120. மீன் குழம்பில் உங்கள் பங்குக்கு வரும் கட்டிப்பால் 100 மில்லி, 230. பொரித்த மீன் குடித்த எண்ணெய் 120. சுண்டலில் போட்ட பூ 30 கிராம், 105. கஜு 30 கிராம், 165. கணவாய்க்கு விட்ட பால் 115. ஆக மொத்தம் 1,065. முட்டை, மீன், கணவாய், கீரை எல்லாம் சேர்ந்து இன்னும் 700 அளவு. உங்கள் வயதிலும் நிறையிலும், வீட்டு வேலை மட்டும் செய்யும் ஒரு பெண்ணுக்கு நாள் முழுவதும் செலவாவது 1,800 கலோரி சுற்றித்தான். வரவும் செலவும் சரி. தராசு எப்படி அசையும்?

சோற்றை விட்டவர்கள் வீட்டில் வழமையாக நடப்பது இது. சோறு இருந்தபோது இரண்டு கரண்டி குழம்பு போதும். சோறு போனதும் கோப்பையை நிரப்பக் குழம்பும் சம்பலும் இரண்டு மடங்காகிவிடும். தொடக்கத்தில் அது தெரியாது. உடம்பு பெரிதாயிருந்ததால் செலவும் கூட, பசியும் குறைவு. ஏழெட்டுக் கிலோ போனபின் இடைவெளி அடைபடும்.

'கொழுப்பு எவ்வளவும்' என்பது சரியல்ல. 2018இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைத்தார்கள். முதல் குழு சராசரியாக 6 கிலோ, மற்றது 5.3 கிலோ இழந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாவுச்சத்தைக் குறைப்பதன் பலன் பசி அடங்குவதிலும் சீனிப் பண்டங்கள் வீட்டை விட்டுப் போவதிலும்தான் இருக்கிறது. அந்தப் பலனைக் கஜுவும் கட்டிப்பாலும் தின்றுவிடக் கூடாது.

என்ன செய்யலாம்? ஒரு வாரத்துக்கு மட்டும் குசினியில் சிறு மின்தராசு வைத்து, திருவிய பூவையும் எண்ணெய்ப் போத்தலையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு லீற்றர் எண்ணெய் நாலு பேர் வீட்டில் பத்து நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்கு மேல். மாதக் கணக்கில் பார்த்தால் ஒளிக்க இடமில்லை.

சம்பலில் பூ 20 கிராம் போதும்; வெங்காயம், செத்தல், தேசிக்காய், கொஞ்சம் மாசி, பொடியாய் அரிந்த வல்லாரை சேர்த்து அளவைக் கூட்டுங்கள். மீனைப் புளிக்குழம்பாக வையுங்கள். பால் இல்லாமல் இறங்காது என்றால் தண்ணிப்பாலில் வேகவிட்டு, இறக்கும்போது முழுச் சட்டிக்கும் கட்டிப்பால் ஒரு அகப்பை. முதற்பாலைத் தனியே பிழிந்து எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் இது சுலபம். எல்லாப் பாலையும் ஒன்றாகப் பிழிபவர்களுக்குத்தான் கஷ்டம். பாரைத் துண்டுக்கு மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பூசி அரை மணி வைத்து, தாச்சியை நன்றாகச் சூடாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரு புறமும் வாட்டுங்கள். சூடேறுமுன் மீனைப் போட்டால் ஒட்டும், ஒட்டினால் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். கஜுவை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். பசித்தால் அவித்த முட்டை ஒன்று, 70 கலோரி.

இவற்றில் பாதியைச் செய்தாலே 300 முதல் 400 கலோரி குறையும். 20 - 25 நாளுக்கு ஒரு கிலோ என்று எதிர்பாருங்கள். மீனையும் முட்டையையும் குறைக்காதீர்கள். உங்கள் பட்டியலில் புரதம் நாளுக்கு 100 கிராம் அளவில் வருகிறது. பசியை அடக்குவதும் தசையைக் காப்பதும் அதுதான்.

வெள்ளைச் சோறு, கோதுமை மா முற்றாக இல்லை. காலையில் குரக்கன் றொட்டி, மத்தியானம் சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், இரவில் அவித்த மரவள்ளி, சாப்பாட்டுக்குப் பின் எருமைத் தயிர். மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடுதானே? ஒரு மாதத்தில் 2 கிலோ போய் நின்றுவிட்டது. (52 வயது ஆண், தம்பலகாமம்)

நல்ல சாப்பாடு, ஆனால் மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடு அல்ல. குரக்கன் மா 100 கிராமில் மாவுச்சத்து 72 கிராம் அளவு. அரிசி மாவைவிட நாரும் கல்சியமும் கூட என்பது உண்மை. மாவுச்சத்துக் குறைவு என்பது உண்மையல்ல. சிவப்பரிசிக்கும் வெள்ளைக்கும் இந்த விடயத்தில் பெரிய வித்தியாசமில்லை. அவித்த மரவள்ளி 100 கிராமில் 38 கிராம், சோற்றில் 28தான். சோற்றை விட்டு மரவள்ளிக்குப் போனவர் கூட்டித்தான் சாப்பிடுகிறார். ஈரப்பலா 27, வற்றாளை 20. பருப்புக் கறிக்காக வேகவைத்த பருப்பு 20, அதில் 8 நார். ஒடியல் மாவும் பனங்கிழங்கும் மாவுச்சத்துப் பண்டங்கள்தான். வெண்டி, கத்தரி, புடோல், பாகல், வாழைப்பூ, முருங்கை இலை, பொன்னாங்காணி இவற்றில் தயக்கமே வேண்டாம்.

நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால்தான் குறைந்த மாவுச்சத்து என்று சொல்வார்கள். 50க்குக் கீழே மிகக் குறைவு. நீங்கள் 200ஐத் தாண்டியிருக்கலாம். 50 கிராம் மாவில் ஒரு றொட்டி, அரைக் கோப்பை சோறு, இரவில் கிழங்கு இல்லாமல் மீனும் மரக்கறியும் என்று வைத்தால் 100க்குள் வந்துவிடலாம். விவசாய வேலை செய்பவருக்கு அதற்குக் கீழே போக அவசியமில்லை.

தயிர் பற்றி: உங்கள் பக்கத்துச் சட்டித் தயிரில் மாவுச்சத்து 100 கிராமுக்கு 5 அளவுதான். ஆனால் எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம். ஒரு லீற்றர்ச் சட்டி 1,000 கலோரிக்குக் கிட்ட வரும். நாளுக்கு 100 கிராம் சாப்பிடுங்கள், கித்துள் பாணி இல்லாமல். பாணி ஒரு மேசைக்கரண்டி விட்டாலே 13 - 15 கிராம் சீனி.

அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம். மெற்போமின், கிளிக்கிளசைட் இரண்டு குளிசையும் எடுக்கிறா. நாங்கள் சோற்றைக் குறைத்ததில் 5 கிலோ இறங்கியது. இப்போது ஆறு வாரமாக அசைவில்லை. இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தலாமா? சில நாட்களில் 11 மணியளவில் வியர்த்து, கை நடுங்குகிறது என்கிறா. பிஸ்கற் சாப்பிட்டால் சரியாகிறது. (லிங்கநகர்)

இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். நிறையை இப்போதைக்கு மறந்துவிட்டு, இந்த வாரமே கிளினிக்குக்கோ குடும்ப வைத்தியரிடமோ போங்கள்.

அந்த வியர்வையும் நடுக்கமும் இரத்தத்தில் சீனி மிகக் கீழே இறங்குவதன் அடையாளம். கிளிக்கிளசைட் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். முன்பு சோறு சாப்பிட்டபோது எழுதித் தந்த அளவு, சோறு இல்லாத உடம்புக்குக் கூடிப்போகிறது. கிளிபென்கிளமைட், தொல்பியூற்றமைட், இன்சுலின் ஊசி எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. அளவைக் குறைப்பது வைத்தியர் செய்ய வேண்டிய வேலை. போகும்போது ஒரு வாரச் சாப்பாட்டுப் பட்டியலையும் குளுக்கோமீற்றரில் எடுத்த எண்களையும் எழுதிக்கொண்டு போங்கள். 'சோற்றைக் குறைத்துவிட்டோம்' என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

அதுவரை நடுக்கம் வந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மீற்றர் கைவசம் இல்லாவிட்டால் பார்க்காமலே கொடுக்கலாம். மயக்கமாயிருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான்.

நிறை நின்றதற்கும் காரணம் இங்கேயே இருக்கலாம். சீனி இறங்கும்போதெல்லாம் பிஸ்கற், பின்னேரம் இன்னொரு பிஸ்கற் என்று கணக்கில் வராதது உள்ளே போகிறது. கிளிக்கிளசைட் வகைக் குளிசைகளும் நிறையைக் கூட்டும் தன்மை கொண்டவை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்ற சீனி வருத்தக் குளிசைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சீனி எண் அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து நிலை வரலாம். வாந்தி, வயிற்று நோ, மூச்சிரைப்பு கண்டால் தாமதிக்க வேண்டாம். பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலைசுற்றினால் அந்த அளவையும் பார்க்க வேண்டும்.

92இலிருந்து 78க்கு வந்தேன், ஒன்பது மாதத்தில். இப்போது மூன்று மாதமாக நிற்கிறது. சாப்பாட்டை இன்னும் குறைத்தால் உடம்பு 'பட்டினி நிலை'க்குப் போய்க் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூடச் சாப்பிட்டால்தான் இறங்கும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். உண்மையா? (35 வயது ஆண், சாம்பல்தீவு)

பாதி உண்மை. நிறை குறையும்போது செலவும் குறையும். சிறிய உடம்பை ஓட்டக் குறைந்த சக்தி போதும். உடம்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சிக்கனமும் பிடிக்கும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 - 30 கலோரி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் 14 கிலோவுக்கு 300 - 400. தொடக்கத்தில் நிறையை இறக்கிய அதே சாப்பாடு இன்று நிறையை நிறுத்தி வைக்கும் சாப்பாடாகிவிட்டது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவதுதான் பெரிது. அதை நாம் கவனிப்பதில்லை.

மற்றப் பாதி பிழை. இரண்டாம் உலகப் போர்க் கடைசியில், 1944 - 45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். செலவு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் நிறை இறங்குவது நிற்கவில்லை. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். கால் வீங்கித் தண்ணீர் சேர்ந்ததால் இழந்த கொழுப்பு முழுவதும் தராசில் தெரியவில்லை. கூடச் சாப்பிட்டு இறக்கலாம் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடையாது.

ஆகவே இரண்டு வழி. இடுப்பு 90க்குக் கீழே வந்துவிட்டதா? பிரஷர், சீனி எல்லாம் ஒழுங்காயிருக்கிறதா? அப்படியென்றால் ஆறு மாதம் இந்த 78ஐக் காப்பதே உத்தமம் என்பது எங்கள் அபிப்பிராயம். பலர் இங்கே அவசரப்பட்டு மொட்டைப் பட்டினி கிடந்து, இரண்டு மாதத்தில் 85க்குத் திரும்புகிறார்கள்.

இன்னும் இறக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பால்மாத் தேத்தண்ணி, பிள்ளைகள் கோப்பையில் மிச்சம் வைத்தது, மாலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கிவிட்டுக் கொறிக்கும் கச்சான் உட்பட. 50 கிராம் கச்சான் 280 கலோரி. அந்த நடை முழுவதும் அதற்கே போதாது. பிறகு 250 - 300 கலோரி மட்டும் குறையுங்கள், எண்ணெயிலும் தேங்காயிலும் கொட்டையிலும் இருந்து. புரதம் உங்கள் உயரத்துக்கு ஏற்ற நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வடமத்திய மாகாண எல்லைப் பக்கத்து வாசகர்கள், காரணம் தெரியாத சிறுநீரக நோய் அங்கே பரவியிருப்பதால், கிரியற்றினின் பரிசோதித்துவிட்டே புரதத்தைக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி. புதிதாகத் தொடங்கினால் தசை நோவோடு தண்ணீரும் சேர்ந்து இரண்டு வாரம் நிறை ஏறிக் காட்டலாம், நாடாவை நம்புங்கள்.

இவ்வளவும் செய்து எட்டு வாரம் அசையாவிட்டால் தைரொயிட் பரிசோதனை (ரீ.எஸ்.எச்.) செய்யலாம். களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டல், குளிர் தாங்காமை இருந்தால் எட்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். பிரெட்னிசொலோன், ஒலன்சபின், வல்புரோயேற், அற்றனலோல், மூன்று மாதக் கருத்தடை ஊசி ஆகிய மருந்துகளும் நிறையைப் பிடித்து வைக்கும். தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

நோன்பு மாதத்தில் 13 மணித்தியாலத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தும் நிறை குறையவில்லை, ஒரு கிலோ கூடிவிட்டது. மற்ற மாதங்களில் மாவுச்சத்தைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். (44 வயதுப் பெண், கிண்ணியா)

சாப்பிடாத நேரம் தனியாக நிறையைக் குறைக்காது. நோன்பு திறந்தபின் என்ன போகிறது என்பதே கணக்கு. மூன்று பேரீச்சம்பழம் 18 கிராம் அளவு மாவுச்சத்து. பாலும் அரிசியும் போட்ட கஞ்சி ஒரு கோப்பையில் 20க்கு மேல். சர்பத், சமோசா, கட்லற் சேர்ந்தால் மஃரிப் தொழுகைக்குள்ளேயே உங்கள் வழமையான ஒரு நாள் அளவு முடிந்துவிடும். அந்த மாவுச்சத்தோடு தண்ணீரும் சேரும். கூடிய ஒரு கிலோவில் பெரும்பகுதி அதுவாயிருக்கும், பெருநாளுக்குப் பின் இரண்டு வாரத்தில் போய்விடும்.

பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர், கஞ்சி அரைக் கோப்பை. தொழுகைக்குப் பின் வாட்டிய மீன் அல்லது இறைச்சி, சலாது, கீரை. சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) முட்டை இரண்டு, தயிர், வெள்ளரி. நிறையைச் சஹருக்கு எழும்பியதும் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரம் பார்த்தால் தண்ணீர் வற்றிய உடம்பு குறைத்துக் காட்டும். சீனி வருத்தக் குளிசை எடுப்பவர்கள் நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் நேர அட்டவணையை மாற்றி வாங்குங்கள்.

சிறுநீர்ப் பட்டியில் முன்பு கடும் ஊதா காட்டியது, இப்போது மங்கல். கீட்டோன் இல்லாததால்தான் நிறை நின்றதா? (திருகோணமலை நகரம்)

இல்லை. கீட்டோன் என்பது கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள். உடம்பு பழகியபின் அதை வீணாக்காமல் எரித்துவிடும். சிறுநீரில் வருவது குறையும். தண்ணீர் குறைவாய்க் குடித்த நாளில் கடுமையாகவும் காட்டும். சாப்பாட்டில் சேரும் தேங்காயெண்ணெயிலிருந்தும் கீட்டோன் வரும், இடுப்புக் கொழுப்பிலிருந்து மட்டுமல்ல. பட்டி வாங்கும் காசுக்கு மீன் வாங்குங்கள்.

வெயில் காலத்தில் கெண்டைக்கால் பிடிப்பு, தலையிடி. நிறை இறங்காததால் உப்பை முற்றாக விட்டேன். (மூதூர்)

திரும்பச் சேருங்கள். மாவுச்சத்துக் குறைந்த உடம்பு உப்பைத் தங்கவிடாது. அதோடு வியர்வையும் சேர்ந்தால் பிடிப்பு வரும். பிரஷர், இருதய, சிறுநீரக வருத்தம் இல்லாதவர்கள் தேசிக்காய்த் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காலையும் பின்னேரமும் குடிக்கலாம். கருவாடு, ஊறுகாயைக் குறைத்தாலே மிச்ச உப்பு அளவோடு நிற்கும்.

வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மரக்கறி. அந்த நாட்களில் பருப்பும் கிழங்கும்தான் வழி. (பாலையூற்று)

சோயா மீற் இருக்கிறது. உலர்ந்தது 30 கிராமில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 10க்குள், அதிலும் பாதியளவு நார். கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு தரம் பிழிந்தால் பச்சை வாடை போகும். கத்தரிக்காயோடு புளிக்கறியாக வைக்கலாம். பக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பும் மாவும் இருப்பதால் அதைப் போடாமல் வீட்டுத் தூள் போடுங்கள். பயறு முளைகட்டி அரைக் கோப்பை, தயிர் அரைக் கோப்பை சேர்த்தால் அன்றைய நாள் ஓடும். முட்டை சாப்பிடும் மரக்கறிக்காரருக்குப் பிரச்சினையே இல்லை.

சாராயத்தில் மாவுச்சத்து இல்லையே, வார இறுதியில் எடுத்தால் என்ன? (சீனக்குடா)

மாவுச்சத்து இல்லை, கலோரி இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயம் 180 மில்லியில் 330 கலோரி அளவு. அது உடம்பில் இருக்கும்வரை கொழுப்பு எரிவது பின்னுக்குத் தள்ளப்படும். கூட வரும் டெவில் கணவாய், கச்சான், கடைசியில் கொத்து ஆகியவற்றுக்கு நாங்கள் கணக்குப் போடவில்லை. நிறை நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வாரம் விட்டுப் பார்த்து வாரச் சராசரிகளை அனுப்புங்கள். சீனி வருத்தக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம். சீனி இறங்குவது நித்திரையில் தெரியாது.